மட்டக்களப்பு டவுனில் தங்குவதும் சுற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் வீடு என்பதால், வெளிநாட்டில் இருக்கும் மாமி மக்களில் இருந்து கொழும்பு நண்பர்களின் நண்பர்கள் வரைக்கும், ரூம் போடுவதற்கு முன் என்னைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் வந்து நில்லுங்கோ என்றால் மாட்டார்கள். எங்கே நிற்பது என்று மட்டும் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக் களைத்துப் போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நடுத்தரமான ஹோட்டலில் நின்று ஊர் பார்க்க வருபவர்களுக்கானது இது. ஹோட்டல் பெயர்கள் இல்லை, அறை வாடகையும் இல்லை. இரண்டும் நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

டவுனுக்குள்ள தங்கிறதா, பாசிக்குடாவில தங்கிறதா? எது நல்லம்?

கடலில் கிடப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பாசிக்குடா. மட்டக்களப்பைப் பார்க்க வேண்டும் என்றால் டவுன். பாசிக்குடாவில் ரிசோர்ட் வாசலைத் தாண்டினால் மாலையில் காலாற நடந்து போய்ப் பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை, சாப்பாடும் பெரும்பாலும் ரிசோர்ட் விலைதான்.

பாசிக்குடா டவுனில் இருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். இங்கே நின்றுகொண்டு ஒரு நாள் அங்கே போய் வரலாம். மறுவளமாக, அங்கே நின்றுகொண்டு டவுனை 'ஒரு ரவுண்ட்' பார்க்க வருபவர்கள் உச்சி வெயிலில் வந்து இறங்கி, கோட்டை வாசலில் படம் எடுத்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இது விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் பார்க்க வேண்டிய ஊர். அந்த இரண்டு நேரமும் கிடைக்க வேண்டும் என்றால் இங்கேதான் படுக்க வேண்டும். இரண்டு இரவுக்குக் குறைத்து வராதீர்கள்.

கொழும்பில இருந்து பஸ்ஸா, ரயிலா?

என்னைக் கேட்டால் ரயில். பகலில் உதயதேவி, இரவில் பாடும்மீன். மாகோ, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக வரும். கல்லோயாவில் திருகோணமலைப் பாதை பிரிந்து போகும். யானைகள் தண்டவாளம் கடக்கிற பகுதி அது என்பதால் வண்டி அங்கே ஊர்ந்து வரும், பொறுமை வேண்டும். நேரங்கள் அடிக்கடி மாறுவதால் ரயில்வே திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நீண்ட விடுமுறை நாட்களுக்கு முன்பதிவு இல்லாமல் வரவே வராதீர்கள்.

பஸ் என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ஏசி பஸ்கள் உண்டு, வேகமாகவும் வரும். கால் நீட்ட முடியாதது ஒன்றுதான் குறை. இரவில் எதில் வந்தாலும் விடியும் முன் வந்து இறங்கும் பிரச்சினை இருக்கிறது. அதற்குக் கடைசியில் பதில் வைத்திருக்கிறேன்.

டவுனுக்குள்ள எந்தப் பக்கம் ரூம் எடுக்கிறது?

எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க விருப்பம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாவி, அதாவது கடலோடு சேரும் உப்பங்கழி என்றால் புளியந்தீவு. கோட்டை, பழைய தேவாலயங்கள், பெரிய பாடசாலைகள், போதனா வைத்தியசாலை எல்லாம் இந்தத் தீவுக்குள்தான். இரவு எட்டு மணிக்குப் பிறகு வீதிகள் அடங்கிவிடும். எனக்கு அது பிடிக்கும், பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கலாம். கடல் என்றால் கல்லடி. கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைய, காலையில் செருப்பில்லாமலே கடற்கரைக்குப் போகலாம், காத்தான்குடியும் பக்கம். மூன்றாவது, புளியந்தீவில் இருந்து பாலத்தைத் தாண்டி வடக்கே கோட்டைமுனையும் திருமலை வீதியும். ரயில் நிலையத்துக்கும் கடைகளுக்கும் வசதி, வாகனச் சத்தமும் கூடவே கிடைக்கும்.

'வாவிப் பக்க அறை' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் வாவிப் பக்கமாகத்தான் இருக்கும். கட்டிலின் படம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே தெரிவதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல இடமென்றால் உடனே அனுப்புவார்கள்.

சாதாரண ஹோட்டல் எண்டா என்னென்ன இருக்கும், என்ன இருக்காது?

ஏசி அல்லது ஃபேன், அறையோடு சேர்ந்த குளியலறை, துவாய், சவர்க்காரம், சுமாரான வைஃபை இருக்கும். லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. முழங்கால் வருத்தம் உள்ள அம்மா அப்பாவோடு வந்தால் கீழ்த்தள அறையை முன்கூட்டியே கேளுங்கள். சுடுதண்ணீர் எல்லா இடத்திலும் இல்லை, மார்கழி மழையைத் தவிர மற்றக் காலத்தில் யாரும் அதைத் தேடுவதும் இல்லை. சில இடங்களில் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர். கொஞ்சம் சவராக இருக்கும், சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குங்கள். சுவரில் பழைய வட்ட மூன்று துளைப் பிளக்கும் இருக்கலாம், புதிய சதுரப் பிளக்கும் இருக்கலாம், அதனால் ஒரு அடப்டர் கொண்டு வாருங்கள்.

சாவியை வாங்கும் முன் அறையைப் பாருங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஏசியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் அங்கேயே இருங்கள். குளிர்கிறதா, அல்லது சத்தம் மட்டும்தானா என்று தெரிந்துவிடும். குளியலறைக் கதவை மூடித் திறந்தால் வடிகால் மணம் அடிக்கிறதா, கதவுத் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா, ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வாவி ஊரில் நுளம்பு இல்லாமல் இருக்காது. வலை கிழிந்திருந்தால் இரவு முழுக்க நீங்கள்தான் காவல். இன்னொன்று, நடுத்தர ஹோட்டல்கள் பலவற்றில் கீழே விருந்து மண்டபம் இருக்கும். அன்றைக்குக் கல்யாணமோ பிறந்தநாளோ இருக்கிறதா என்று கேட்காமல் ரூம் எடுத்தால், அழைப்பிதழ் இல்லாமலே நள்ளிரவு வரை பாட்டுக் கேட்கலாம்.

எந்த மாசம் வரலாம்? ஏசி கட்டாயமா?

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், வயல் விளைந்திருக்கும், கடலும் தணிந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வெள்ளம் வந்தால் ரயிலும் வீதியும் சேர்ந்து நிற்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட தலைமுறை இன்றைக்கும் கார்த்திகை மாதத்தில் வானத்தைப் பார்த்துத்தான் பயணம் வைக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. மேற்கில் இருந்து தரையைக் காய்ச்சிக்கொண்டு வரும் அந்த அனலில் பதினொரு மணிக்குப் பிறகு நாய்கூட வீதியில் நிற்காது. அந்தக் காலத்தில் ஏசிக்குக் கஞ்சம் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் ஃபேன் போதும்.

ஆடி அமாவாசையை ஒட்டி வருவதானால் ரூமை நேரத்தோடு போட்டுவிடுங்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு மாவட்டமே திரண்டு வரும். தீர்த்தம் பார்ப்பதற்காகவே வந்தால், அந்தக் கூட்டத்தில் நின்று குளத்தில் முழுகுவதும் ஒரு அனுபவம்தான்.

ஒன்லைன்ல போடுறதா, நேரே போன் பண்ணுறதா? பிறகு பில்லில கூட்டுவாங்களா?

ஒன்லைனில் படத்தையும் கருத்துகளையும் பாருங்கள், பிறகு நேரே போன் எடுத்து விலை கேளுங்கள். தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம் என்பதால் குறைத்துத் தரும் இடங்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" கொஞ்சம் பெரிய ஹோட்டல்களில் 10 சதவீத சேவைக் கட்டணமும், வற் (VAT) வரிப் பதிவு உள்ள இடமென்றால் 18 சதவீத வற்றும் மேலே ஏறும். சின்ன கெஸ்ட் ஹவுஸ்களில் இவை பெரும்பாலும் இருக்காது. கார்ட்டுக்கு மேலதிகமாக எடுப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது மறந்து போகும்.

என்ன ஐடி கேப்பாங்க? நாங்க ரெண்டு பேரும் இன்னும் கலியாணம் கட்டேல்ல...

உள்நாட்டவருக்குத் தேசிய அடையாள அட்டை, வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு. பிரதி எடுத்து வைப்பது வழக்கம். 18 வயதைத் தாண்டிய இருவர் ஒன்றாகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஹோட்டல்காரர் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கலாம். குடும்பங்களுக்கு மட்டும் என்று சொல்லும் இடங்களும், இருவருக்கும் உள்ளூர் முகவரி இருந்தால் தயங்கும் இடங்களும் உண்டு. இரவு பத்து மணிக்குக் கவுண்டரில் நின்று வாக்குவாதப்படுவதில் பிரயோசனம் இல்லை. போனிலேயே சொல்லிவிடுங்கள்: இரண்டு பேர், இரண்டு அட்டை, ஒரு அறை. சரி என்றால் சரி, இல்லையென்றால் அடுத்த இடம்.

காலைச் சாப்பாடு ஹோட்டல்ல எடுக்கிறதா, வெளியிலயா?

ஹோட்டலில் பாண், முட்டை, ஜாம், ஒரு வாழைப்பழம் வரும். அதற்காக மட்டக்களப்புக்கு வர வேண்டுமா? வெளியே ஏழு மணிக்கே இடியப்பம், சொதி, சம்பல், பிட்டு, பாலப்பம் எல்லாம் ஆவி பறக்க இருக்கும். முஸ்லிம் கடைகளில் ரொட்டியும் பிளேன்டீயும். காலைச் சாப்பாடு இல்லாமல் ரூம் விலை கேட்டால் குறையும்.

மதியம் சோறு கறி. வாவி இறால், நண்டு, மீன் என்று அன்றைக்கு என்ன வந்ததோ அதைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டரைக்குப் போனால் எல்லாக் கறியும் இருக்கும், இரண்டரைக்குப் போனால் பருப்பு மட்டும் இருக்கும். நண்டுக் கறி வெள்ளை உடுப்போடு சாப்பிடும் சாப்பாடு அல்ல. முடிவில் கட்டித் தயிர் கேளுங்கள். எருமைப் பாலில் சட்டியில் உறைய வைத்தது, கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டுமுகம் அப்படியே நிற்கும். பாணியோ சீனியோ மேலே. இரவுக்கு எங்கே போனாலும் கொத்துச் சத்தம் கேட்கும், அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

வாகனம் இல்லாம நடந்தே பார்க்க என்ன இருக்கு?

புளியந்தீவு முழுவதும் நடக்கக்கூடியதுதான். காலை ஆறு மணிக்குக் காந்தி பூங்காப் பக்கம் தொடங்குங்கள். வாவியோரமாக நடப்பவர்கள், தூண்டில் போடுபவர்கள், வலையைக் காயப் போடுபவர்கள் எல்லாரும் அந்த நேரம்தான் இருப்பார்கள். வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இந்த ஊருக்கு வந்தார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, 1815இல் இங்கேயே இறந்துபோனார். அதற்குள் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதையும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியையும், புனித மரியாள் பேராலயத்தையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

பிறகு கோட்டை. போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள், பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை இது. அதற்கும் முன்னரே, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி கண்டி அரசனைக் காண்பதற்காக வந்து இறங்கியதும் மட்டக்களப்பில்தான். காலிக் கோட்டையை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம். இது சின்னது, நீண்ட காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கிய வளாகம் என்பதால் கோப்பு மணமும் சேர்ந்து இருக்கும். அதுவே எனக்குப் பிடித்த விஷயம். நானூறு வருடச் சுவருக்குள் ஆட்கள் காணிப் பத்திரத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைந்திருக்கிறார்கள். மதிலின் தடிப்பைக் கையால் அளந்து பாருங்கள். மதில் மேல் ஏற விட்டால் வாவியைப் பார்த்தபடி இருக்கும் பீரங்கிகளையும் பாருங்கள். வார நாளில் அலுவலக நேரத்தில் போனால் உள்ளே விடுவது சுலபம். வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கல்லடிப் பக்கம் நிற்பவர்கள் மாலை நடைக்கு சுவாமி விபுலாநந்தரின் சமாதியை வைத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் 1892இல் பிறந்து, 1947இல் 'யாழ் நூல்' என்ற அவருடைய இசை ஆய்வு நூல் அரங்கேறிய சில வாரங்களில் மறைந்தவர். கல்லடியில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் பக்கத்தில்தான் அடக்கம். பாடசாலைச் சூழல், அமைதியாகப் போய் வாருங்கள்.

மீன் பாடுறது உண்மையா? எங்க நிண்டு கேக்கலாம்?

ஒலி உண்மை. பாடுவது மீன்தானா என்பதில்தான் வழக்கு. 1848இல் இங்கே வந்த பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் இரவில் வாவியில் படகில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். தந்தியை மெதுவாகத் தொட்டால் எழும் அதிர்வு மாதிரி, பல சுரங்கள் கலந்து, படகின் பலகையில் காதை வைத்தால் இன்னும் பலமாகக் கேட்டதாம். மீனவர்கள் அவரிடம் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தையை. 1950களில் அமெரிக்க யேசு சபைத் துறவி லாங் அடிகளார் இதை ஒலிப்பதிவே செய்தார். மீனா, ஊரியா, பாறை இடுக்கில் ஓடும் நீரா என்று இன்று வரைக்கும் முடிவாகவில்லை.

வழக்கமாகச் சொல்லும் இடம் கல்லடிப் பாலத்தடி. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலம். கேட்க வாய்ப்புள்ள காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகள், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது. பாலத்தில் நின்று கேட்க நினைத்தால் மோட்டார் சைக்கிள் பாடுவதுதான் கேட்கும். படகு வேண்டும். நடு வாவியில் எஞ்சினை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைப்பார்கள். ஹோட்டலில் சொன்னால் படகுக்காரரைக் கூப்பிட்டுத் தருவார்கள். விலையை ஏறும் முன்னும், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்பதை விலைக்கு முன்னும் கேளுங்கள்.

கேட்காமல் திரும்பியவர்கள்தான் அதிகம், இந்த ஊரிலேயே பிறந்து கேட்காதவர்களும் இருக்கிறார்கள். மீனுக்காக மட்டும் படகு ஏறாதீர்கள். நிலவில் வாவியைப் பார்க்க ஏறுங்கள், பாடினால் லாபம். இன்னொரு விஷயம்: பௌர்ணமி போயா நாள். வங்கியும் அலுவலகங்களும் மூடியிருக்கும், மதுபானம் விற்கக் கூடாது. அந்த நம்பிக்கையில் வரும் நண்பர் குழுக்கள் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளவும்.

கல்லடிக் கடல்ல குளிக்கலாமா? வாவியில?

கல்லடியில் கால் நனைக்கலாம். திறந்த கடல், இழுவை இருக்கும். உள்ளூர்ப் பொடியன்கள் குளிப்பதைப் பார்த்து இறங்காதீர்கள், அவர்களுக்கு எந்த இடத்தில் மண் திட்டு இருக்கிறது என்று தெரியும். வாவியில் இறங்கவே வேண்டாம், முதலை இருக்கிறது. குளிக்க வேண்டும் என்றால் பாசிக்குடாதான்.

கடற்கரையோரமாக நாவலடிப் பக்கம் போனால் 2004 டிசம்பர் 26 சுனாமியின் நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் குடும்பம் குடும்பமாக அள்ளுண்டு இறந்து போனார்கள். படம் எடுப்பவர்கள் அதை மனதில் வைத்து எடுங்கள். டவுனின் வடக்கே பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்ச வீடு இருக்கிறது; வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு போக நல்ல இடம்.

காத்தான்குடிக்குப் போக என்ன உடுப்பு போடணும்? போகலாமா?

ஏன் போகக் கூடாது? டவுனில் இருந்து ஆறு கிலோமீற்றருக்குள், கல்முனை பஸ் எல்லாம் அதனூடாகத்தான் போகும். வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். துணி வாங்க, மஸ்கட் என்ற இனிப்பு வாங்க டவுன் ஆட்களே அங்கேதான் போவார்கள். அங்குள்ள நூதனசாலையில் கிழக்கு முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை, வீட்டுச் சாமான் முதல் கல்யாணம் வரை, ஆளுயர உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போதும். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பூட்டு, நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டை டவுனில் முடித்துவிட்டுப் போங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்று இங்கே எல்லா மேடையிலும் சொல்வார்கள். இடையில் நடந்தவற்றையும் இங்கே யாரும் மறக்கவில்லை. வந்த இடத்தில் அரசியல் கிளறாமல் மஸ்கட்டை வாங்குங்கள், நெய் அதிகம் போட்டதா என்று மட்டும் விசாரியுங்கள்.

டவுன், கடல் பார்த்தாச்சு. வேற என்ன பார்க்கலாம்?

வாவியின் மறுபக்கம், படுவான்கரை. வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் தவறவிடுவது இதைத்தான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, ஊரும் கடையும் சனமும். மேற்கே படுவான்கரை, வயலும் குளமும் மாடும். ஆரையம்பதி தாண்டி மண்முனையில் கிறுகினால் பாலம். 2014இல் அது திறக்கும் வரைக்கும் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். வாவியின் தெற்குப் பக்கத் துறைகளில் பாதை ஓடுவதைப் பார்க்க விரும்பினால், குருமண்வெளியில் இருந்து மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகும் துறையை விசாரித்துப் பாருங்கள்.

மண்முனை தாண்டினால் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர். கொக்கட்டி மரத்தடியில் தானாகத் தோன்றிய லிங்கம் என்பது ஐதீகம். கோயிலை இடிக்க வந்த பறங்கியர் (போர்த்துக்கீசர்) முன் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையைக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கொரு விதமாக. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையில் போங்கள்.

திரும்பும்போது போன வழியால் வராதீர்கள். வவுணதீவு வழியாக வலையிறவுப் பாலத்தால் வந்தால் ஒரு முழு வட்டம். அறுவடைக் காலமென்றால் வீதியோரம் நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருப்பார்கள், பால் கான் கட்டிய மோட்டார் சைக்கிள்கள் எதிரே வரும், எருமைக் கூட்டம் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். கடைகள் குறைவு, தண்ணீர் கொண்டு போங்கள். இருட்டு முன் டவுனுக்கு வந்துவிடுங்கள், அந்தப் பக்கம் யானைத் தொல்லை உண்மையானது.

ஓட்டோக்காரங்க கூடக் கேப்பாங்களா?

புது முகம் என்றால் கொஞ்சம் கூடத்தான் கேட்பார்கள். ஹோட்டல் கவுண்டரில் நியாயமான கூலியை முதலில் கேட்டுக்கொண்டு, ஏறும் முன் பேசி முடியுங்கள். மேலே சொன்ன படுவான்கரை வட்டத்துக்குக் காத்திருப்பும் சேர்த்து அரை நாளுக்குப் பேசுங்கள், இடத்துக்கு இடம் பேசினால் கட்டாது. டவுன், கல்லடி, காத்தான்குடிக்கு பஸ்சே தாராளம். ஊர் மட்டமான தரை, ஹோட்டலில் சைக்கிள் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

பாசிக்குடாவுக்குப் போட்டு அண்டைக்கே திரும்பலாமா?

தாராளமாக. காலை ஏழு மணிக்கு வாழைச்சேனை பஸ்சில் ஏறுங்கள். ஏறாவூர், செங்கலடி, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை, கிரான் என்று போகும். அங்கிருந்து ஓட்டோ. அலை இல்லாத, நெடுந்தூரம் இடுப்பளவே இருக்கும் கடல். நீந்தத் தெரியாதவர்களுக்கும் சரிவரும். பதினொரு மணிக்குள் குளித்து முடித்துவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம்.

ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கலாமாமே?

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. கரையில் இருந்து கிலோமீற்றர் கணக்கில் தள்ளி, 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்துக்கான பயிற்சிச் சான்றிதழ் உள்ள சுழியோடிகளுக்கு மட்டும். கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது.

மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்ட வச்சிடுவாங்களாமே?

யாழ்ப்பாண நண்பர்கள் ஒருவர் விடாமல் கேட்பது. வேலைக்கு வந்த ஆண்கள் இங்கேயே கல்யாணம் கட்டித் திரும்பிப் போகாததற்கு அவர்கள் வீட்டில் சொன்ன காரணம் மந்திரம். இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வயல், வாவி, தயிர் எல்லாம் இருக்கும் வீட்டுக்கு வந்தவர் ஏன் திரும்பிப் போகிறார்? மந்திரம் தேவையில்லை. ஹோட்டலில் மெத்தைதான், பயப்படாமல் வாருங்கள்.

தனியா வாற பொம்பிளைக்குச் சரிவருமா?

பகலில் எங்கேயும் பிரச்சினை இல்லை. இரவு எட்டு, ஒன்பதுக்குப் பிறகு வீதி வெறிச்சோடிவிடும், அதுதான் சங்கடம். குடும்பம் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ், வீதியைப் பார்த்த மேல்மாடி அறை, தெரிந்த ஓட்டோ நம்பர் ஒன்று, இவை இருந்தால் போதும். ஹோட்டலுக்கு வரும் ஓட்டோக்காரரையே திரும்பவும் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

தேவாலயங்களுக்குப் போகும்போது பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இந்த ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்பட நிறையப் பேர் போனார்கள்.

ரயில் விடிய முன்னம் வருது, ரூம் மத்தியானம்தான் எண்டுறாங்க. என்ன செய்றது?

முந்தைய நாளே போன் எடுங்கள். அன்றிரவு அறை காலியாக இருந்தால் சும்மாவோ அரை நாள் காசுக்கோ தருவார்கள். இல்லையென்றாலும் பையை வைத்துவிட்டு முகம் கழுவ விடுவார்கள், சின்ன ஹோட்டல்களின் நல்ல குணம் இது. வெளிச்சம் வரும் வரை நிலையத்திலேயே இருந்துவிட்டு, ஆறு மணிக்கு நான் மேலே சொன்ன புளியந்தீவு நடையைத் தொடங்குங்கள். காலை இடியப்பத்தோடு ஒன்பது மணியாகிவிடும். திரும்பும் நாளில் ரூமைக் காலையில் விட வேண்டும், ரயிலோ இரவு. அப்போதும் பையைக் கவுண்டரில் வைக்கலாம். குளித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றால் பின்னேரம் ஒரு மணித்தியாலத்துக்கு ஏதாவது அறை தர முடியுமா என்று கேளுங்கள், கொஞ்சக் காசில் முடியும்.

தயிர் சட்டியோட கொழும்புக்குக் கொண்டு போகலாமா?

இரவு ரயில் என்றால் கொண்டு போகலாம். பகல் பஸ் வேண்டாம், பொலன்னறுவை தாண்டும் முன்பே தண்ணீர் விட்டுப் புளித்துவிடும். அன்று உறைந்ததாகக் கேட்டு, ஏறுவதற்குச் சற்று முன் வாங்குங்கள். வாய்க்குக் கடதாசி கட்டித்தான் தருவார்கள். அதன் மேல் ஒரு பொலித்தீனும் இறப்பர் பேண்டும் போட்டு, சட்டிக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, இருக்கைக்குக் கீழே வையுங்கள். மேல் தட்டில் வைத்தால், கீழே இருப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.